ஒன்பது இஞ்ச் சுவர்

என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மீன் ஏலக்கரையில் நின்ற என் கஸ்தூரி அக்காவுக்கு,

உனக்குப் படிக்கத் தெரியாது. ரேஷன் கடைச் சீட்டு முதல் கல்யாணப் பத்திரிகை வரை முன்பு நான் வாசித்துச் சொன்னேன், அப்புறம் உன் மகள் தேவி வாசித்துச் சொன்னாள். இதை யார் வாசித்துச் சொல்வார்கள் என்று தெரியவில்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்துக்கு அனுப்புகிறேன். யாராவது ஒருவர் வாய்விட்டுப் படித்தால் உன் காதில் விழாதா?

கார் ஷெட்டில் சுடுதண்ணீர்க் குழாய் வைத்துவிட்டேன், அக்கா. ஒரே குழாயில் சுடுதண்ணீரும் வரும், பச்சைத் தண்ணீரும் வரும். நீ கேட்டு மூன்று மழைக்காலம் போய்விட்டது. நீ போயே ஏழு மாதம் ஆகிறது. போன மாதம்தான் வேலை முடிந்தது.

குழாய் வைக்க வந்தவர் கொருக்குப்பேட்டை அந்தோணி. ஷெட்டுக்குள் நுழைந்ததுமே, "இன்னா சார், ஷெட்ல எதுக்கு சுடுதண்ணி? காருக்கு ஜலதோஷமா?" என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தாமல் சுவரைத் தட்டிப் பார்த்தார். இதற்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டார். குளியலறை என்றேன். கீசர் எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறது என்று கேட்டார். இதே சுவரில்தான் என்றேன். டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்ப எதுக்கு சார் ஃபோன்ல பெரிய வேலைன்னு சொன்னே? ஒம்போது இஞ்சு செவுரு. அந்தாண்ட கீசரு, இந்தாண்ட பைப்பு. ஒரு ஓட்டை போட்டா ஆச்சி."

பெரிய வேலை என்று நான் உன்னிடம் நீ கேட்டபோதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதையே சொல்லிச் சொல்லி எனக்கும் பழகிவிட்டது போலிருக்கிறது, அவரிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

அவர் சொன்னபடியேதான் நடந்தது. டிரில் மெஷின் கொஞ்ச நேரம் கத்தியது. குளியலறைப் பக்கமிருந்து ஒரு கம்பி உள்ளே நுழைந்து ஷெட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தது. சூடு தாங்குகிற, சந்தன நிறத்துப் பைப்பில் ஒரு முழத் துண்டு, இரண்டு வளைவுகள், ஒரு மிக்சர் குழாய். இடப்பக்கம் சுடுதண்ணீர், வலப்பக்கம் பச்சைத் தண்ணீர், ஊரெல்லாம் இப்படித்தான், மாற்றி வைத்தால் கை வெந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தக் குழாயில் முதலில் கை கழுவியவர் அந்தோணிதான்.

அவர் போனபிறகு அந்த ஓட்டையைச் சுற்றிப் பூசியிருந்த ஈர சிமெண்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ இந்தப்பக்கம் குந்தி விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். அந்தப்பக்கம் கீசரில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒன்பது இஞ்ச்.

நீ எங்கள் வீட்டுக்கு வந்த நாளை நான் மறக்கவில்லை. திருவொற்றியூர்க் கரையில் உன் வீட்டின் பின்சுவரைக் கடல் எடுத்துக்கொண்டு போயிருந்தது. இரண்டு பெட்டி, மீன் சுமக்கிற அன்னக்கூடை, பக்கத்தில் உன் உயரத்துக்கு வளர்ந்த தேவி. விம்கோ நகரில் நான் கட்டியிருந்த இந்த வீட்டின் முன்னால் நின்றுகொண்டு, "இன்னா நைனா, காருக்கே தனி வூடா?" என்று கேட்டாய். தெருவே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. உன் பேச்சுக்குச் சிரிப்பதை நான் அதற்கு நாலு வருடம் முன்பே நிறுத்தியிருந்தேன்.

ஏன் என்று உனக்குத் தெரியுமா? தெரியாமலா இருக்கும். மணலிப் பக்கம் நான் வேலை பார்க்கும் ஆலையின் வாசலில் நீ வந்து நின்ற நாள் அது. அன்னக்கூடையில் ஒரு முழு வஞ்சிரம். மேலாளரின் காரை நிறுத்தி, "சார், எங்க நைனாவுக்கு, எந்தம்பிக்கு, மேல் வேலை போட்டுக் குடு சார். நல்லாப் படிச்ச புள்ள" என்று மீனை நீட்டினாய். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். மேல் வேலை எனக்குக் கீழே இருந்தவனுக்குப் போனது. அன்று முதல் ஆலையில் எனக்குப் பெயர் வஞ்சிரம் சார். இப்போது வேலைக்குச் சேர்கிற பிள்ளைகளுக்குக்கூட என் உண்மைப் பெயர் குமரேசன் என்று தெரியாது. மீனைத் தின்றவர் ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் போய்விட்டார். நான் இன்னும் அதே ஆய்வுக்கூடத்தில் அதே ஷிப்டில் அதே கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுகிறேன்.

அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை. உன்னையும் மன்னிக்கவில்லை. உனக்குக் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பும்போதுகூட அந்த மீன்தான் கண்ணில் வந்தது. இப்படி ஒருவனை எந்த ஊரில் பார்த்திருக்கிறாய்?

இந்த மனதோடுதான் நீ வந்த முதல் வாரத்தில் உன்னிடம் அதைச் சொன்னேன். காசிமேட்டில் மீன் எடுத்து, மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்றுவிட்டு, மதியம் நீ திரும்பி வந்திருந்தாய். உன்னை ஷெட்டிலேயே நிறுத்தினேன். மாலதிக்கு மீன் வாடை ஒத்துக்கொள்ளவில்லை, குடலைப் புரட்டுகிறதாம், இங்கேயே கைகால் கழுவிக்கொண்டு, சேலையும் மாற்றிக்கொண்டு உள்ளே வா என்றேன். நீ என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாய். அப்புறம், "செரி நைனா. அவ வூடு, அவ சொன்னா செரிதான்" என்றாய்.

மாலதி அப்படிச் சொல்லவே இல்லை, அக்கா. ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொன்னவன் நான். நினைத்தவனும் நான். அவளுடைய அப்பா தெற்கத்திக்காரர், ராயபுரத்தில் மொத்த அரிசிக் கடை வைத்திருந்தார். அந்த வீட்டு ஆட்கள் வருகிறபோது என் வீட்டுக் கூடத்தில் ஆலைவாசல் வாடை அடிக்கக் கூடாது என்று நினைத்தேன். அதை என் வாயால் சொல்லத் தைரியம் இல்லாமல் பெண்டாட்டியின் பெயரைப் போட்டேன்.

மாலதி ஒருநாள் என்னிடம் கேட்டாள், அண்ணி ஏன் வெளியிலேயே கழுவுகிறார்கள், உள்ளேதான் குளியலறை இருக்கிறதே என்று. அவளுக்கு வேறொன்று சொன்னேன். அது எங்கள் பக்கத்து வழக்கம், கடல் சம்பந்தப்பட்ட வேலைக்குப் போய்வந்தால் வெளியே கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவோம், உள்ளே கூப்பிட்டால் அக்கா மனம் வருத்தப்படும் என்று. அவள் நம்பினாள். நம் வழக்கம் அவளுக்கு எப்படித் தெரியும்? நம் குப்பத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்ததா என்று நம் அம்மாவைக் கேட்டிருந்தால் விளக்குமாற்றைத் தூக்கியிருப்பாள்.

அந்த முதல் ஐப்பசியில்தான் நீ குழாய் கேட்டாய். ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு விட்டு விரல் மடங்குவதில்லை, சுடுதண்ணீர் பட்டால்தான் பிரிகிறது என்று விரலை நீட்டிக் காட்டினாய். எம்.எஸ்சி. வேதியியல் படித்தவன் உனக்கு எத்தனை காரணம் சொன்னேன். நம் போர் தண்ணீர் உப்பு, கீசருக்குள் சுண்ணாம்பு படியும். லைன் இழுத்தால் வருகிற வழியிலேயே சூடு இறங்கிவிடும். சுவரை உடைத்தால் டைல்ஸ் போய்விடும். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒனக்குத் தெரியாததா" என்றாய். அடுத்த ஐப்பசியிலும் கேட்டாய். பார்க்கலாம் என்றேன். மூன்றாவது ஐப்பசியில் நீ கேட்கவில்லை. கேட்காததை நான் கவனித்தேன். நிம்மதியாக இருந்தது.

ஒன்று கேட்கட்டுமா? எனக்கு முதல் ஷிப்ட். இரண்டரை மணிக்குக் காரை ஷெட்டுக்குள் விடும்போது நீ கழுவி முடித்து, ஈரக் காலோடு ஓரமாக உட்கார்ந்திருப்பாய். நான் இறங்கியதும் எழுந்து வந்து காரின் பானட்டின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைப்பாய். எஞ்சின் சூட்டில் விரல் ஒவ்வொன்றாக விரியும். அப்போது மார்க்கெட் கதை சொல்வாய், எவள் நண்டுக்குச் சண்டை போட்டாள், எந்தப் போலீஸ்காரர் சும்மா சங்கரா மீன் கேட்டார் என்று. ஒருநாள், பெயிண்டில் கை ரேகை படிகிறது, எண்ணெய் ஒட்டுகிறது, எடு என்றேன். நீ எடுத்துவிட்டாய். முந்தானையால் அந்த இடத்தைத் துடைத்தாய். அப்புறமும் தினமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாய். கையை மட்டும் வைப்பதில்லை.

நீ அத்தனை நாள் அங்கே காத்திருந்தது எஞ்சினுக்கா, எனக்கா?

கெளுத்தி முள் குத்தியது உனக்கே தெரியவில்லை என்று டாக்டர் சொன்னார். விரல் மரத்துப் போயிருந்தது, சர்க்கரை வேறு. கட்டைவிரல் கறுத்த பிறகுதான் தேவி பார்த்தாள். பத்து நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. தினமும் சுடுதண்ணீரில் கை கழுவியிருந்தால் மரத்துப் போயிருக்காதா என்று டாக்டரைக் கேட்டேன். சர்க்கரைதான் காரணம், அதையெல்லாம் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றார். நல்ல மனிதர். அவர் சொன்னதை நான் நம்பவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தேவி பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பி.காம். முடித்து ஒரு கடையில் நல்ல வேலையில் இருந்த பெண். அதை விட்டுவிட்டு மார்க்கெட்டில் உன் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். குப்பத்தில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருக்கிறாள். எத்தனை தடவை கூப்பிட்டும் வரவில்லை. உன் இரத்தத்தில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். எனக்கும் மாலதிக்கும் பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியும். அவள் இந்த வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அதற்காகத்தான் அந்தோணியைக் கூப்பிட்டேன். உனக்குச் செய்யாததை அவளுக்குச் செய்துவிட்டால் வருவாள் என்று நினைத்தேன்.

போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, வா, உனக்கு ஒன்று காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். மார்க்கெட் முடிந்து அப்படியே வந்தாள், உன் அன்னக்கூடையோடு. ஷெட்டில் நின்றாள். நான் குழாயைத் திறந்தேன். ஆவி வந்தது. சின்னப் பிள்ளை போல எனக்கு அதில் ஒரு பெருமை.

"யாருக்கு மாமா இது?" என்று கேட்டாள்.

"உனக்குத்தான்மா. ஐஸ்ல கைவெச்சுட்டு வர்றே இல்ல."

அவள் குழாயைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் போகிற கதவைப் பார்த்தாள்.

"அப்ப நானும் இங்கியேதான் கழுவணுமா?"

அந்தக் கேள்வி எனக்கு அதுவரை தோன்றவே இல்லை, அக்கா. சத்தியமாகத் தோன்றவில்லை. மூன்று வருடம் யோசித்து, ஆறு மாதம் அழுது, சுவரைத் துளைத்து, நான் செய்து முடித்தது இதுதான். உன்னை நிறுத்திய இடத்தில் உன் மகளுக்கும் ஒரு இடம் போட்டிருக்கிறேன், சுடுதண்ணீரோடு.

சத்தம் கேட்டு மாலதி வந்துவிட்டாள். ஏன் தேவி இங்கே கழுவ வேண்டும், உள்ளே வா என்றாள். தேவி என்னைப் பார்த்துக்கொண்டே அவளுக்குப் பதில் சொன்னாள்.

"ஒங்களுக்குத்தான் மீன் வாடை ஆவாதே அத்தே. கொடலப் பொரட்டுமாமே."

மாலதிக்கு முதலில் புரியவில்லை. யாருக்கு ஆகாது, யார் சொன்னது என்று கேட்டாள். அப்புறம் அவளும் என் பக்கம் திரும்பினாள். "உங்க வழக்கம்னு சொன்னீங்களே. உள்ள கூப்பிட்டா அண்ணி வருத்தப்படுவாங்கன்னு சொன்னீங்களே" என்றாள். இரண்டு பேருமாக என்னைப் பார்த்தார்கள். நான் குழாயை மூடினேன்.

தேவி சிரித்தாள். உன் சிரிப்பு.

"எங்கம்மாக்கு மொத வாரமே தெரியும் மாமா. நெத்திலிக் கொழம்ப சட்டியோட வழிச்சித் துன்ற அத்தைக்கு வாடை ஆவாதாமா? 'சொந்தமா ஒரு பொய் சொல்லக்கூட ஒங்க மாமனுக்குத் துப்பில்லடி, பொண்டாட்டி பேர்ல சொல்றான்'னு சொல்லிச் சிரிச்சிச்சி."

தெரிந்திருந்தும் ஏன் என்னைக் கேட்கவில்லை என்று கேட்டேன். அன்னக்கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"கேட்டா ஒன் மூஞ்சி எப்டிப் பூடும்னு அதுக்குத் தெரியும். அதப் பாக்க அதுக்கு மனசு வல்ல. எனக்கு அந்த மனசு இல்ல மாமா."

வீட்டுக்குள் காலடி வைக்காமலே போய்விட்டாள். மாலதி தெருமுனை வரை பின்னாலேயே போனாள். திரும்பி வந்தவள் என்னைத் தாண்டி உள்ளே போனாள்.

நான் என்ன நினைத்திருந்தேன் என்றால், நீ ஏமாந்திருந்தாய் என்று. அது எனக்கு ஒரு மாதிரி வசதியாக இருந்தது. ஏமாந்தவளுக்காக அழலாம். தெரிந்தே மூன்று வருடம் வந்து அந்தத் தரையில் குந்திக் கழுவியவளை நான் என்ன செய்வது? நீ என்னை ஒரு தடவை அறைந்திருக்கக் கூடாதா? வாசலில் நின்று தெருவே கேட்கிற மாதிரி நாலு வார்த்தை, காசிமேட்டு வார்த்தை, கத்தியிருக்கக் கூடாதா? ஆலைவாசலில் எனக்காகக் கத்தத் தெரிந்தவளுக்கு உனக்காகக் கத்தத் தெரியவில்லையே. இதோ பார், இதற்கும் உன்மேல்தான் கோபப்படுகிறேன்.

மாலதி நாலாம் நாள் பேசியது இவ்வளவுதான்: "அவங்க குளிர்ல குந்திக்கிட்டுக் கழுவுறத நான் ஜன்னல் வழியாப் பாத்திருக்கேன். வழக்கம்னு நினைச்சுப் பாத்துக்கிட்டே இருந்திருக்கேன். என்னை என்னவா ஆக்கிட்டீங்க?" இப்போது அவள் தினமும் காலையில் மார்க்கெட்டுக்குப் போகிறாள். தேவி பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்கிறாளாம். அரிசிக் கடைக்காரர் மகள் மீனுக்குச் செதில் உரிக்கிறாள் என்று அவள் அண்ணன்காரன் எனக்கு ஃபோன் செய்து கத்தினான். மதியம் திரும்பி வந்து, அதே கையோடு, அதே சேலையோடு, ஷெட்டைத் தாண்டி நேராகச் சமையலறைக்குப் போகிறாள். கூடமெல்லாம் மீன் வாடை. நான் ஜன்னலைத் திறப்பதில்லை. திறக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

காரை இப்போது தெருவில் நிறுத்துகிறேன். அனல்மின் நிலையத்துச் சாம்பல் விடிவதற்குள் கண்ணாடியை மூடிவிடுகிறது. துடைக்கத் தோன்றுவதில்லை. நேற்று ஷிப்ட் முடிந்து வந்து முதல் தடவையாக அந்தக் குழாயின் கீழே கையை நீட்டினேன். இடப்பக்கம் திருப்பினேன். இதமாக இருந்தது, அக்கா. அவ்வளவு இதமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதற்குமேல் நிற்க முடியாமல் மூடிவிட்டேன்.

குழாயைக் கழற்றிவிடலாமா என்று யோசித்தேன். கழற்றினால் ஓட்டை இருக்கும். ஓட்டையை அடைத்தால் பழைய சுவர். எதைச் செய்தாலும் அது நான் எனக்காகச் செய்துகொள்வதாகத்தான் இருக்கிறது. தேவி இந்த வீட்டுக்கு வர மாட்டாள். நானாக இருந்தாலும் வர மாட்டேன்.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவளை இனி இங்கே வா என்று கூப்பிட மாட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆலைச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, காரை எடுக்காமல், குப்பத்துக்கு நடந்து போவேன். அவள் அறை வாசலில் நின்று, வாடை என்று சொன்னது நான்தான், வழக்கம் என்று சொன்னதும் நான்தான் என்று, பக்கத்து வீடுகளுக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன். யார் பேரையும் போட மாட்டேன். அவள் கதவைத் திறக்காமல் இருக்கலாம். திறந்தும் உள்ளே கூப்பிடாமல் இருக்கலாம். மாலை வரை நிற்பேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போவேன். அவள் சொல்லாமல் வாசற்படியில் காலை வைக்க மாட்டேன். எத்தனை மழைக்காலம் ஆனாலும் சரி.

உன் கூடப்பிறந்த தம்பி,
குமரேசன்